பச்சை அட்டையோடு செத்தவன்

என் முழங்கையில் ரோஸ் சிரப்பைத் தடவுவதற்கு முன் அந்தப் பெண், "சோரி அங்கிள், கொஞ்சம் ஒட்டும்" என்றாள். இரண்டாம் ஆண்டு தாதியர் மாணவி. பந்தோங் பானம் கலக்குகிற அதே சிரப்தான். அதில் கோக்கோத் தூளைக் குழைத்து வைத்திருந்தாள். ஏன் கோக்கோ என்று கேட்டேன். வெறும் சிரப் பார்ப்பதற்குச் சிரப் மாதிரியே இருக்கும், கோக்கோ சேர்ந்தால்தான் காற்றுப்பட்ட ரத்தத்தின் நிறம் வரும் என்றாள். ரத்தம் காற்றுப்பட்டால் இப்படியா நிறம் மாறும் என்று அடுத்துக் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பார்த்ததே இல்லையா அங்கிள்?"

அவ்வளவாகப் பார்த்ததில்லை. நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்பீட்டு முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கிள்ளானிலிருந்து தினமும் கோமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். மற்றவர்களுடைய விபத்துகள் என் மேசைக்கு வரும்போது காய்ந்து, தட்டச்சாகி, முத்திரை குத்தப்பட்டுத்தான் வரும்.

அன்றைக்கு நானே அடிபட்டவனாக வந்திருந்தேன். என் மகள் படிக்கும் தாதியர் கல்லூரியில் பேரிடர்ப் பயிற்சி. புயல்காற்றில் ஒரு கிடங்கின் கூரை இடிந்து விழுந்துவிட்டது என்று கற்பனை. கல்லூரியின் கார் நிறுத்துமிடம்தான் கிடங்கு. நாங்கள் கூரையின் அடியில் சிக்கியவர்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஓடிவந்து எங்களைத் தரம் பிரிக்க வேண்டும். என் மகளும் அவர்களில் ஒருத்தி.

நான் வந்த காரணம் வேறு. மழைக்காலத்தில் வெள்ள நிவாரண மையங்களுக்கு விரிவுரையாளர்களோடு போவதற்கு ஒரு மாணவர் குழுவை அமைக்கிறார்கள். அதில் மகள் பெயர் கொடுத்திருந்தாள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் தாமான் குடியிருப்பில் வெள்ளம் வந்தது. ஆற்றுக்கு அவ்வளவு பக்கத்தில் இல்லை என்று நம்பி வாங்கிய வீடு. காலையில் கால்வாய் நிரம்பி வாசலுக்கு வந்த தண்ணீர், மதியத்துக்குள் வீட்டுப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி, மகள், நான் மூவரும் மாடியில் இருந்தோம். எதிர்வீட்டு அங்கிள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். மறுநாள் அவருடைய முறை. மீட்புக்காரர்களின் ரப்பர் படகு அவர் வீட்டுச் சன்னலுக்கு வந்தபோது அவரோடு கூடப் போக ஆளில்லை. அவர் மனைவிக்கு முட்டிவலி, சன்னல் வழியாக இறங்க முடியாது. படகுக்காரர்கள் எங்கள் பக்கம் பார்த்தார்கள். என் மகள் இறங்கினாள். அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ரத்த அழுத்தம் பார்ப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் படகு மூலை திரும்பிவிட்டது. பிறகு கைப்பேசிக்குச் சிக்னலும் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம்வரை அவள் எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. யாருடையதோ ஒரு பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு மணல் லோரியின் பின்னால் நின்றபடி வந்து இறங்கினாள். "ஓகேப்பா. பசிக்குது" என்றாள்.

அவளுக்கு அது ஒரு தொடக்கம். எனக்கு அது இன்னும் முடியவில்லை. மழை கனத்தால் நான் காரை எடுத்துப்போய், தண்ணீர் ஏறாத மேம்பாலத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன். எனக்கு முன்பே அங்கே சில கார்கள் நிற்கும். குடையோடு திரும்பி நடக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை அசைத்துக்கொள்வோம். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

குழுவைப் பற்றி மகள் சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவள் கவனித்திருந்தாள்.

"நீங்க வேண்டாம்னு சொன்னா நான் போகல. ஆனா ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. எங்களுக்கு அடிபட்டவங்க தேவைப்படுது."

"அடிபட்டவங்களா?"

"நடிக்கறதுக்குப்பா. கொஞ்சம் வயசானவங்களா கேக்கறாங்க. ஸ்டூடன்ஸ் படுத்தா சிரிச்சுடறாங்க."

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த என் மனைவி, "அப்பாவையே கூட்டிட்டுப் போ. சும்மா இருக்கும்போதே அடிபட்ட மாதிரிதான இருக்காரு" என்றாள்.

வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கும் என்று நம்பித்தான் போனேன்.

பயிற்சியை நடத்தியவர் சுங்கை பூலோவிலிருந்து வருகிற ஒரு தமிழ்ப் பெண்மணி. விபத்துப் பிரிவில் பல காலம் தாதியாக இருந்துவிட்டு விரிவுரையாளராக வந்தவர். மாணவர்கள் அவரை மேடம் என்றார்கள். எங்களை எல்லாம் நிழலில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். அடிபட்டவர்கள் நிறைய, வந்திருக்கும் தாதியர் கொஞ்சம். அதனால் முதலில் வைத்தியம் கிடையாது, பிரிப்பது மட்டும்தான். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. உடனே பார்க்காவிட்டால் போய்விடுவார் என்றால் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். நடமாடுகிறவர்களுக்குப் பச்சை. இறந்தவர்களுக்கு வெள்ளை.

"ஏன் வெள்ளை?" என்று கேட்டேன்.

"சில நாட்டுல கறுப்பு. இங்க வெள்ளை."

"அப்ப ஒரு நாட்டு ஆளுங்க இன்னொரு நாட்டுக்கு உதவிக்குப் போனா குழம்பிடாதா?"

மேடம் சிரித்தார். "சார், நீங்க அடிபட்டவரு. இவ்வளவு கேள்வி கேக்கக்கூடாது."

ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்கள். நமக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அதில் இருக்கும். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாடி பார்த்தாலோ நகத்தை அழுத்திப் பார்த்தாலோ மட்டும் எடுத்துக் காட்டலாம். என்னுடைய காகிதத்தில், முழங்கையில் சிராய்ப்பு, வயிற்றில் இரும்புக் கட்டை விழுந்திருக்கிறது, வெளியே காயம் இல்லை, உள்ளே ரத்தம் கசிகிறது என்று இருந்தது. இப்போதைக்கு மெதுவாக நடக்கலாம், விசில் கேட்டபிறகு வேர்க்கும், முகம் வெளுக்கும், உட்கார முடியாது. யாராவது கேட்டால் வயிறு வலிக்கிறது என்று சொல்லுங்கள் என்று கடைசி வரி. சுலபமான வேடம் என்று நினைத்தேன்.

எனக்குப் பக்கத்தில் பண்டமாரானிலிருந்து வந்த ஒரு ஆன்டி. மாணவர்களுக்காக ஒரு பெரிய டப்பாவில் புட்டு மாயம் என்கிற இடியாப்பம் செய்து கொண்டுவந்திருந்தார். அவருக்குத் தொடை எலும்பு முறிவு. அந்தப் பக்கம் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய். அவருக்குத் தலையில் அடி, ஆரம்பத்திலேயே இறந்துவிட்டார். சுலபமான வேலையைத் தட்டிக்கொண்டுவிட்டதாக நாங்கள் அவரைக் கிண்டல் செய்தோம். தார்த் தரையில் படுத்தபிறகு அது சுலபமில்லை என்று தெரிந்தது. சிரப்பின் வாசனைக்கு எறும்புகள் வந்துவிட்டன. பாய்க்குத்தான் சிரப் அதிகம். கண்ணை மூடியபடி ஒவ்வொரு எறும்பாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

சைரன் ஒலித்தது. மாணவர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு மாணவி முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் சொன்னாள்: "நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் பச்சைக் கொடிகிட்ட வாங்க."

நான் எழுந்தேன். என் காகிதப்படி நான் நடக்கலாம். ஆனால் எனக்கு முன்பே பண்டமாரான் ஆன்டி எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கைப்பையையும் எடுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"ஆன்டி, உங்களுக்குக் காலு உடைஞ்சிருக்கு" என்றேன் மெதுவாக.

"தெரியும் தம்பி. மிஸி கூப்பிடுது. எப்படிப் படுத்துக்கிட்டே இருக்கறது? மரியாதையா இருக்காது."

அவர் மட்டுமில்லை. மார்பெலும்பு நொறுங்கிய ஒரு அங்கிள், கண்ணில் கண்ணாடி குத்திய ஒரு அக்கா, எல்லோரும் வரிசையாக வந்து பச்சைக் கொடியின் கீழே பணிவாக நின்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸி என்கிற தாதி கூப்பிட்டால் எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முறை போய்விடும். அந்தப் பழக்கம் எங்கள் கால்களில் இருந்தது. சீன, மலாய்க்கார அங்கிள்கள் பாதிப் பேர் படுத்த இடத்தில்தான் இருந்தார்கள். நான் ஆச்சரியத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பச்சைப் பகுதிக்குப் பொறுப்பு என் மகள். அட்டைகளை மாட்டிக்கொண்டே வந்தாள். நான் அவளை அந்தச் சீருடையில் பார்த்திருக்கிறேன், ஆனால் வேலை செய்து பார்த்ததில்லை. வீட்டில் ஒரு தட்டைக் கழுவ மூன்று தடவை சொல்ல வேண்டிய பெண். இங்கே கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. என் முன்னால் வந்தாள்.

"அப்பா, ஓகேவா?"

"ஓகே, ஓகே. மொதல்ல அந்த ஆன்டியப் பாரு."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. என் கழுத்தில் பச்சை அட்டை விழுந்தது. அவள் ஆன்டியிடம் போனாள். "ஆன்டி ஓகேவா?" "எனக்கென்னம்மா, நல்லாதான் இருக்கேன். புட்டு மாயம் சாப்பிட்டியா?"

விசில் கேட்டது. ஒரு மாணவி ஓடிவந்து என் முகத்தில் வெள்ளைப் பவுடரைப் பூசி, நெற்றியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். நான் சுவரில் சாய்ந்தேன். பிறகு சரிந்து உட்கார்ந்தேன். மகள் தூரத்தில் யாருக்கோ கட்டுப்போட்டுக்கொண்டிருந்தவள், திரும்பி என்னைப் பார்த்தாள். சத்தத்தில் அவள் கேட்டது காதில் விழவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

சிறிது நேரத்தில் மேடம் வந்தார். என் பச்சை அட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளையை மாட்டினார். "சார், நீங்க இறந்துட்டீங்க. போய் பாய்கிட்டப் படுங்க."

படுத்தேன். பாய் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன அண்ணே, நீங்களுமா? எதுல?"

"ஓகேன்னு சொன்னதுல."

அந்த நேரம் பார்த்து அவருடைய கைப்பேசி அடித்தது. படுத்தபடியே காதில் வைத்தார். "இப்ப முடியாதுடா. நான் செத்துட்டேன். கோழி வந்தா வாங்கி வை, பிறகு பேசறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைத் திருப்பியபோது மகளைப் பார்த்தேன். சுவர் ஓரத்தில் நான் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணால் தேடினாள். வெள்ளை அட்டைகளின் வரிசையில் என்னைக் கண்டுபிடித்தாள். இது நாடகம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் முகத்திலிருந்து நிறம் இறங்கியதற்கு யாரும் பவுடர் பூசவில்லை. ஓர் அடி என் பக்கம் எடுத்து வைத்தாள். நின்றாள். பின்னால் யாரோ இருமினார்கள். அவள் திரும்பி இருமியவரிடம் போனாள்.

அந்த ஓர் அடியைத்தான் நான் இப்போதும் அடிக்கடி நினைக்கிறேன். வந்திருக்க வேண்டுமா, திரும்பியது சரியா? திரும்பியதுதான் சரி என்று பாடம் சொல்கிறது. என் உடம்பு வேறு ஏதோ சொன்னது.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். புட்டு மாயம் சுற்றி வந்தது. மேடம் என் காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"இவருகிட்ட என்ன கேட்ட?"

"ஓகேவான்னு கேட்டேன் மேடம்."

"என்ன சொன்னாரு?"

"ஓகேன்னாரு."

"உங்கப்பாதான? வீட்டுல என்னைக்காவது ஓகே இல்லன்னு சொல்லியிருக்காரா?"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன். நடக்கிறவர்கள் எல்லாம் பச்சை என்று எடுத்த எடுப்பில் ஒதுக்குவது தவறான முறை இல்லையா, அப்படித்தானே நான் செத்தேன் என்று கேட்டேன். கேள்வியில் மகளுக்காக வாதாடும் குரல் இருந்ததை மேடம் கவனித்திருக்க வேண்டும். பொறுமையாகப் பதில் சொன்னார். முதல் சில நிமிடங்களுக்கு அதைவிட வேகமான முறை கிடையாது. அதில் தப்பு வரும் என்று தெரிந்துதான் செய்கிறார்கள். அதனால்தான் பிரித்துவிட்டு விடுவதில்லை, திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டும். அட்டை மாட்டியதோடு ஒரு மனிதர் அந்த நிறமாகவே இருந்துவிட மாட்டார்.

"நம்ம ஆளுங்க விஷயத்துல இன்னொன்னு இருக்கு" என்று மாணவர்கள் பக்கம் திரும்பினார். "வலிக்குதான்னு கேட்டா இல்லம்பாங்க. மத்தவங்கள மொதல்ல பாருன்னு கைகாட்டுவாங்க. அந்தக் கைய விட்டுடாதீங்க. பிடிச்சு நாடி பாருங்க."

காரில் மகளோடு திரும்பினேன். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"நான் உங்களக் கொன்னுட்டேன்பா."

தேடிப் போன காரணம் என் கையில் இருந்தது. பார்த்தாயா, நீ இன்னும் தயாராகவில்லை, இந்த வருடம் வேண்டாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் எனக்குள் வேறொன்று குடைந்துகொண்டிருந்தது.

"வயிறு வலிக்குதுன்னு சொல்லச் சொல்லி எழுதியே குடுத்திருந்தாங்க" என்றேன். "பொய் வலிதான். அதக்கூட என்னால சொல்ல முடியல. ஏன்னு தெரியல."

"நீங்க நடிக்கவே இல்லப்பா. அதான் பிரச்சன."

அடுத்த வாரம் முழுக்க அவள் எங்களை வைத்துச் சோதனை செய்தாள். மனைவியிடம் போய், "அம்மா, எங்கயாச்சும் வலிக்குதா?" என்பாள். "ஒன்னுமில்லடி." "அசதியா இருக்கா?" "இல்லடி, போடி." எப்படிக் கேட்டாலும் கதவு மூடியே இருந்தது. ஒரு மதியம் தற்செயலாக, "காலையில என்ன பசியாறுனீங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள். ரொட்டி சானாய் வாங்கப் போனதும், கடையில் கூட்டம் இருந்ததும், நிற்க முடியாமல் கால் மரத்துப்போனதும், வீட்டுப் படி ஏறியபோதுகூட அது வலித்ததும் வரிசையாக வந்தன. மகள் என் அறைக்கு ஓடிவந்தாள்.

"அப்பா, சாப்பாட்டப் பத்திக் கேட்டா எல்லாம் வருது."

அவள் சொன்னதை நான் கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நம்மவர்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் அது புகார் ஆகிவிடுகிறது. பசியாறியாச்சா என்று கேட்டால் அது விசாரிப்பு. விசாரிப்புக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு. பதில் சொல்லும்போது மூச்சு ஒரு முழு வாக்கியத்துக்குப் போதுகிறதா, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று கேட்கிறவளுக்குத் தெரிந்துவிடும். கை அதற்குள் நாடியைப் பிடித்துவிடும்.

மறுபடி ஒரு பயிற்சி நடந்தது. அதே அடிபட்டவர்கள்தான் வந்தோம். இந்த முறை எனக்கு விலா எலும்பு முறிந்து நுரையீரலில் குத்தியிருந்தது. மகள் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தபடி, "அங்கிள், காலையில என்ன பசியாறுனீங்க?" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. நான் காகிதத்தில் இருந்தபடி இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினேன். "நாசி... லெமாக்..." சிவப்பு அட்டை விழுந்தது. பிழைத்துவிட்டேன்.

ஆனால் பண்டமாரான் ஆன்டியிடம் அந்தக் கேள்வி போனபோது அவர் இட்லிக்கு அரிசி ஊறவைத்ததிலிருந்து ஆரம்பித்தார். மகள் எழுந்து போக முடியாமல் தவித்ததை நான் பார்த்தேன். பெரியவர் பேசும்போது பாதியில் எழுந்து போகக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்தது நாங்கள்தான். அவர் தேங்காய்ச் சட்னிக்கு வருவதற்குள் பக்கத்தில் ஒருவருக்கு வெள்ளை அட்டை மாட்டிவிட்டார்கள்.

"கேள்வி நல்ல கேள்வி" என்றார் மேடம் பிறகு. "ஆனா மொத வாக்கியத்துலயே உனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. சட்னி வரைக்கும் ஏன் உக்காந்திருந்த?"

"எப்படி மேடம் பாதியில..."

"எந்திரிச்சுப் போகத்தான் வேணும். ஆன்டி கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கிட்டா உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம்."

"நான் கோவிச்சுக்கவே இல்லையே" என்றார் ஆன்டி கோபமாக.

நான் இன்னும் மகளுக்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. மழைக்காலம் வந்தது. ஒரு காலை, முதுகுப்பையோடு சமையலறைக்கு வந்து நின்றாள். டெங்கில் பக்கம் ஆறு பெருகி, ஒரு பள்ளி மண்டபத்தை நிவாரண மையமாகத் திறந்திருக்கிறார்கள். குழுவை அழைத்துப்போகக் கல்லூரி வேன் வந்துகொண்டிருக்கிறது.

"அப்பா, போகவா?"

எனக்கென்ன, ஓகே, போயிட்டு வா என்று சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். பிறகு சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்கு. இப்பக்கூட நெஞ்சு படபடங்குது. நீ அன்னைக்குப் படகுல ஏறுனதுலேர்ந்து இருக்கு."

மனைவி அடுப்பை அணைத்தாள். மகள் பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கட்டிப்பிடிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேள்வி கேட்டாள்.

"மழை பெய்யும்போது மட்டுமா, சும்மா இருக்கும்போதுமா?"

"மழைக்குத்தான். சில நேரம் சும்மாவும்."

"தூக்கம்?"

"அரைகுறை."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இப்பதான்."

மனைவி, "பக்கத்துலயே படுத்திருக்கேன், என்கிட்டச் சொல்லல பாரு" என்றாள். குரல் கிண்டலாக ஆரம்பித்து வேறு மாதிரி முடிந்தது.

"இதுக்கு டாக்டரப் பாக்கலாம்பா. வெள்ளத்துல மாட்டுனவங்க நிறையப் பேருக்கு வரும். வெட்கப்பட ஒன்னுமில்ல. நான் வந்ததும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மகள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "வேண்டாம்னா இப்பவும் சொல்லுங்க. நான் மேடம்கிட்டப் பேசிக்கறேன்."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் எழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எந்த அட்டைக்கு உரியவன் என்று அவள் தீர்மானிப்பதுபோல் இருந்தது.

"போ" என்றேன். "பயம் போயிட்டதால சொல்லல. அது இருக்கு. இருந்தாலும் போ."

மறுநாள் மதியம் நான் அலுவலகத்தில் இருந்தபோது அவளுக்குப் போன் செய்தேன். பத்திரமா என்று கேட்கத்தான் எண்ணை அழுத்தினேன். ஆனால் காலையிலிருந்து வேறொரு கேள்வி மண்டையில் சுற்றிக்கொண்டிருந்தது. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதிக்காரர்களின் ஊசிமருந்து குளிரில் இருக்க வேண்டுமே, கரண்டு போனால் அந்த மண்டபத்தில் அதை எங்கே வைப்பார்கள்?

"ஐயோ, அத ஏன் கேக்கறீங்க" என்று ஆரம்பித்தாள். ஐஸ்கிரீம் விற்கிறவர் ஒருவர் குடும்பத்தோடு அங்கே தங்கியிருக்கிறாராம். அவருடைய ஐஸ்பெட்டிதான் இப்போது மருந்துப் பெட்டி. ஐஸ் ஊசியை நேராகத் தொட்டாலும் மருந்து கெட்டுவிடும் என்பதால் துண்டில் சுற்றி வைத்திருக்கிறார்கள். காயம்பட்டவர்கள் என்று யாரும் அதிகமில்லை. சிவப்பு அட்டைக்கு வேலையே வரவில்லை. எல்லோருக்கும் ஒரே பிரச்சினை, மாத்திரைகள் தண்ணீரோடு போய்விட்டன. பெயர் தெரியாது. வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு இருக்கும், காலையில் ஒன்று என்பார்கள். எதற்குச் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டர் கொடுத்தார் என்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் நாள் முழுக்க வேலை. ஒரு மலாய்க்கார மக்சிக் தன் மாத்திரையின் நிறத்தைக் காட்டுவதற்காக மண்டபம் முழுக்கச் சுற்றி, ஒரு குழந்தையின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக் காட்டினாராம்.

நான் இடையிடையே கேட்டுக்கொண்டே இருந்தேன். கிளினிக்கில் அவர்களுடைய பதிவு இருக்காதா? அந்தக் கிளினிக்கும் தண்ணீரிலா? சரி, பிறகு? பக்கத்து மேசைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அலுவலகத்தில் நான் போனில் இவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை.

"அப்பா, இன்னொன்னு" என்றாள் மகள். "அந்தப் பக்கம் இன்னும் தண்ணி இறங்கல. ரெண்டு மூனு நாளு கூட இருக்கச் சொல்றாங்க. இருக்கட்டுமா?"

சன்னலுக்கு வெளியே பிரிக்பீல்ட்ஸ் சாலையில் மழை விழுந்துகொண்டிருந்தது. நெஞ்சு அதன் வேலையை ஆரம்பித்திருந்தது.

"இரு" என்றேன். "அங்க என்ன தேவைன்னு சொல்லு, கொண்டு வரேன்."

"சிலிப்பர்பா. ஜப்பான் சிலிப்பர். எல்லாரும் வெறுங்காலோட வந்திருக்காங்க. டாய்லெட்டுக்குப் போகக்கூட செருப்பு இல்ல."

சாயங்காலம் மனைவியும் நானும் கிள்ளானில் ஒரு செருப்புக் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் எந்த அளவு வேண்டும் என்று கேட்டார். கேட்க மறந்துவிட்டேன் என்றேன். வெள்ளத்தில் வந்தவர்களுக்கு என்று மனைவி சொன்னதும் அவர் ஏணியைப் போட்டு மேலே ஏறினார்.

"பெருசாவே எடுங்க" என்றாள் மனைவி. "சின்னக் காலு பெரிய சிலிப்பர்ல நடந்துரும்."

"புள்ளைங்களுக்கு?"

"புள்ளைங்களுக்குத் தனியா எடுங்க. ஓடும், விழுந்துரும்."

அண்ணன் கட்டுக் கட்டாகக் கீழே போட்டார். நான் அவற்றைப் பிடித்து ஜோடி சரிபார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். டெங்கிலுக்கு இப்போது எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். ஏணியில் நின்றபடியே விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார்.